வார்ட் வாசலில் நான் வாசித்த பொய்

2025 பெப்ரவரி 3, திங்கள்

கடையைப் பூட்டிவிட்டு மனைவி மங்கையை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். வியாழக்கிழமை கர்ப்பப்பை ஒப்பரேஷன்.

வார்ட் வாசலில் பெரிய எழுத்தில் ஓர் அறிவித்தல். இருபது வருடம் டோர்ட்முண்டில் இருந்ததால் மங்கைக்கு ஜேர்மன் தண்ணீர் பட்ட பாடு. லண்டன் வந்தும் இங்கிலீஷ்தான் இன்னும் வரவில்லை.

“இஞ்சருங்கோ, இதில என்ன போட்டிருக்கு?”

ஆயுதம் எதுவும் உள்ளே கொண்டுவரக் கூடாது, மீறினால் பொலிஸுக்கு அறிவிப்போம் என்று போட்டிருந்தது. என் ஜக்கெற்றின் உள்பொக்கற்றில் அது இருந்தது.

“உள்ளுக்கு போன் கதைக்கக் கூடாதாம்” என்றேன்.

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். நான் வீட்டுக்கு வந்து பத்து இடியப்பம் சாப்பிட்டேன்.

பெப்ரவரி 4

“அது, அது” என்று எழுதி யாரை ஏமாற்றுகிறேன்? காஸ் துப்பாக்கி, குண்டில்லாமல் கண்ணை எரிக்கும் புகை அடிப்பது. டோர்ட்முண்டில் பீட்சாக் கடை வைத்திருந்தபோது முறைப்படி அனுமதி அட்டை எடுத்து வாங்கியது. இங்கே அந்த அட்டை செல்லாது, வைத்திருந்தாலே சிறை. தெரிந்துதான் கொண்டுவந்தேன். லண்டனுக்கு வேனில் சாமான் ஏற்றிய நாளில், குத்துவிளக்குப் பெட்டிக்குள், பட்டுத்துணிக்குக் கீழே வைத்தேன். சாமிச் சாமானை ஒருத்தரும் கிளற மாட்டார்கள் என்ற கணக்கு. விளக்கு அடிபட்டுவிடும் என்று வழி முழுக்க மங்கை அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

ஐந்து வருடம் அப்படியே கிடந்தது. போன ஒக்ரோபரில் கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் என் கடைக்குள் இரண்டு பேர் வந்து என் கழுத்தில் கத்தியை வைத்தார்கள். அன்றிலிருந்து அது இல்லாமல் வாசற்படி தாண்ட ஏலாமல் இருக்கிறது.

சரி, ஆஸ்பத்திரியில் யார் என் கழுத்தில் கத்தி வைக்கப் போகிறார்கள்?

பெப்ரவரி 5

மங்கை, “குளிருது, ஜக்கெற்றை ஒருக்காத் தாங்கோ” என்று கை நீட்டினாள். “எனக்கும் குளிருது” என்றேன். இருபத்தேழு வருடக் குடும்பம் நடத்தியவன் சொல்கிற பதில் இது.

பெப்ரவரி 6

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது.

அதை எழுதிவிட்டுப் படுத்துவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. மகள் லக்‌ஷிகா டோர்ட்முண்டில் இருந்து எனக்கு போன் எடுத்தபோது மங்கையை ஒப்பரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

“அம்மான்ர போன் மூண்டு நாளா ஓஃப். அவான்ர குரலை ஒருக்காக் கேக்கோணும் எண்டு விடிய விடிய எடுத்தனான் அப்பா.”

“அது இஞ்சத்தைச் சட்டம் பிள்ளை.”

அப்படியேதான் சொன்னேன். மங்கை சட்டத்துக்குப் பயந்து போனை நிறுத்தி, கட்டிலுக்குப் பக்கத்து மேசை லாச்சியில் வைத்திருந்தாள். அவள் எழும்பாமல் போயிருந்தால் — பெற்ற பிள்ளையின் குரல் கேளாமல் — என்ன மனுசன் நான்? துப்பாக்கிக்காக ஒரு பொய், பொய்க்காக ஒரு சட்டம். நானே போட்ட சட்டம்.

பெப்ரவரி 8

பிடிபட்டேன். பொலிஸிடம் இல்லை.

பக்கத்துக் கட்டில்காரி போனில் கதைக்க, மங்கை கையை ஆட்டி “நோ, நோ” என்று தடுத்தாளாம். நேர்ஸ் பியற்றிஸ் மன்னாரில் பிறந்த பிள்ளை, தமிழில் கதைப்பாள். “வாசல்ல போட்டிருக்கிறது ஆயுதம் கொண்டுவரக் கூடாதெண்டு, அக்கா. போனுக்கு ஒண்டும் இல்லை” என்று விளக்கியிருக்கிறாள். நான் வார்டுக்குப் போய்ச் சேர்ந்ததும், “அண்ணை, முதல் கண்ணாடியை மாத்துங்கோ!” என்று பகிடி விட்டுவிட்டு நகர்ந்தாள்.

மங்கை சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஜக்கெற்றைப் பார்த்தாள்.

“உதுக்குள்ள என்ன வைச்சிருக்கிறியள்?”

குரலைத் தாழ்த்திச் சொன்னேன். விளக்குப் பெட்டி வரைக்கும் எல்லாம்.

“என்ர மடியில” என்றாள். அவ்வளவுதான். காயத்தோடு திரும்பிப் படுக்க முடியாது. முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கத்தி வைத்தவன்கூட என்னை இவ்வளவு சிறியவனாக்கவில்லை.

பெப்ரவரி 9

அது வீட்டில், பழையபடி விளக்குப் பெட்டிக்குள். நான் ஆஸ்பத்திரிக்கு வெறும் பொக்கற்றோடு போய் வந்தேன். பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருத்தரின் கையையும் பார்த்துக்கொண்டே போனேன்.

பெப்ரவரி 10

சட்டத்தரணி கல்யாணசுந்தரத்திடம் கேட்டேன். “இனி அதோட வெளியில திரியாதேங்கோ. வீட்டில வைச்சுக்கொண்டு பொலிஸுக்கு நீங்களே போன் எடுங்கோ. வழக்கு வரும் எண்டு நினைச்சுக்கொண்டு எடுங்கோ.”

எடுத்தேன். ஆயுதப் பொலிஸ் வந்தது. தெரு முழுக்கப் பார்த்தது. விளக்குப் பெட்டியைக் காட்டினேன். ஒருவன் மேலே இருந்த விளக்கை இரண்டு கையாலும் தூக்கி, துணியை விரித்து, அதன்மேல் மெல்ல வைத்தான். துப்பாக்கியை ஒளித்த அன்று நான் விளக்குக்கு அந்த மரியாதைகூடக் கொடுக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

கோர்ட் ஏப்ரலில். உள்ளே போடலாம், போடாமலும் விடலாம் என்கிறார் கல்யாணசுந்தரம். வீட்டில் மங்கை சாப்பாட்டுக்குக் கூப்பிடுவாள், மருந்து கேட்பாள், வேறு பேச்சில்லை. விளக்கை மூன்று தரம் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள்.

ஒப்பரேஷன் முடிந்து ஆறு கிழமை, இன்று செக்கப். அந்த வாசலிலும் அதே அறிவித்தல். கடந்து போகப் பார்த்தேன். அவள் நின்றுவிட்டாள்.

“இதில என்ன போட்டிருக்கு?”

அவளுக்குத் தெரியும். தெரிந்தும் என்னிடம்தான் கேட்டாள்.

ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், பொலிஸ் என்ற சொல்லையும் விடாமல், தமிழில் சொன்னேன்.

முடியும்வரை கேட்டுக்கொண்டு நின்றாள்.

“ஓம்” என்றாள். பிறகு கையை நீட்டினாள். “ஜக்கெற்றைத் தாங்கோ, குளிருது.”