ராக்கெட் மேடைக்குப் பச்சைச் சாயம் அடிச்சவருக்கு

என்னங்க, நான்தான், உங்க பாக்கியம்.

நீங்க கண்ணை மூடின பிறகு பட்டாளக் காம்புல எனக்குச் சலவை வேலை கொடுத்தாங்க. நீங்க சாயம் அடிச்ச அதே வெள்ளைக்காரன் விமானத் தளந்தான். துணி காயப்போட நிமிர்ந்தா அந்த ராக்கெட்டுங்க தெரியும். எதிரி விமானம் வந்தா சுட்டு வீழ்த்துமாம். "இத்தனை நாளா நிக்குது, ஒரு காக்காயைக்கூடச் சுடலையே"ன்னு நீங்க சிரிச்சது ஞாபகம் வரும்.

ஜாலான் புசார் டீக்கடையில இப்ராகிம் பாய் உங்களைச் சீண்டுவாரே. "உன் சம்பளமே அந்த ராக்கெட்டுலதான் தொங்குது லா. அதையே வேணாங்கறியே?"

"சோறு போடுது பாய், இல்லேங்கல. அதுக்காக நமக்குக் காவல்னு பொய் சொல்லணுமா? எதிரி நாட்டான் பையில குண்டைக் கொண்டாந்து கட்டடத்துல வச்சுட்டுப் போனானே, அப்ப இது என்ன பண்ணுச்சு?"

வாங்குற சம்பளத்துக்கு வாலாட்டாத மனுசன் நீங்க.

இப்போ வெள்ளைக்காரங்க மூட்டை கட்டுறாங்க. ராக்கெட்டும் போகுது, என் வேலையும் போகுது. நம்ம செல்விக்குப் பள்ளிக்கூடம் இன்னும் முடியல.

போன ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர் கூட்டம். சங்கத் தலைவரா இருக்கிற தம்பி என்னைத் தனியாக் கூப்பிட்டு, "அக்கா, ராக்கெட் இல்லேன்னா எங்களுக்குப் பாதுகாப்பு இல்லேன்னு எழுந்து சொல்லுங்க. வெள்ளைக்காரன் இருந்தாத்தான் வேலை இருக்கும்" என்றார். சரின்னு தலையாட்டிட்டுத்தான் எழுந்தேன்.

ஆனா அப்படிச் சொல்ல வாய் வரலைங்க. "எனக்கு வேலை வேணும். என் மக படிக்கணும். அதைக் கேக்க எனக்கு வெட்கமில்ல. ஆனா அந்த ராக்கெட்டு எனக்காக நிக்குதுன்னு சொல்ல மாட்டேன். அவங்க ஊருக்குக் காவல்னா அவங்க ஊர்லயே நிக்கட்டும்" என்றேன்.

தலைவர் முகம் சுருங்கிப்போச்சு. கூட்டத்துக்கு டீ ஊத்திக்கிட்டிருந்த பாய்தான் பின்னாலிருந்து கத்தினார்: "அவன் பொண்டாட்டின்னா சும்மாவா லா!" எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அழுகை வந்துட்டுது.

சரியாத்தான் பேசினேனா? அவங்க போனப்புறம் நெசமாவே ஒருத்தன் ஆகாயத்துல வந்தா? நீங்க இருந்தா கேட்டிருப்பேன்.

செல்வி படிப்பு நிக்காதுங்க. நாலு வீட்டுத் துணி துவைச்சாவது படிக்க வைப்பேன். நீங்க பச்சைச் சாயக் கையோட பிடிச்சு உக்கார்ந்த முக்காலியில உங்க விரல் தடம் இன்னும் இருக்கு. எந்தக் கறையையும் போக்குற கை என்னுது. அதை மட்டும் தொட மாட்டேன்.

உங்க பொண்டாட்டி,
செல்வியோட அம்மா,
பாக்கியம்