மரவாழைக்கு வைத்த ஊறல்

மலைக்கோட்டை, திருச்சி
9-3-1963

அன்பு மகள் வள்ளிக்கண்ணுவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். ஷில்லாங் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி, காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று தாயுமானவரிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். குழந்தைக்குப் பல் வந்துவிட்டதா, வயிற்றுப்போக்கு இருந்தால் வசம்பைச் சுட்டு உரசிக் கொடு, அதிகம் வேண்டாம். உடம்பளவில் என்று எழுதியதைப் படித்து நீ கலங்குவாய். நான் ஒரு வாரமாகக் கலங்கித்தான் கிடக்கிறேன். யாரிடமும் சொல்ல முடியவில்லை, அதனால் நடந்ததை நடந்தபடி உனக்கு எழுதுகிறேன். மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல், உன் மாமியார் காதுக்குப் போக வேண்டாம்.

பிரசவத்துக்கு வந்தபோது நீ டிரங்குப் பெட்டியில் ஒரு ஆர்க்கிட் செடி கொண்டுவந்தாய் அல்லவா, கட்டையில் கட்டிக் குளியலறைத் தாழ்வாரத்தில் தொங்கவிட்டுப் போனாயே, அதில் வந்த வினை இது. நீ போனபிறகு அப்பா அதை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. சீனாக்காரன் சண்டை வந்து உன் கடிதம் நின்றுபோன நாட்களில்தான் அவருக்கு அதன்மேல் பிடிப்பு வந்தது. கலெக்டர் ஆபீசிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் போய் நிற்பார். "இது பூத்துட்டாப் போதும் அமிர்தம்" என்பார். எதற்குப் போதும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பச்சைமலையிலிருந்து தேன் கொண்டுவருகிறவர் பார்த்துவிட்டு, "இது மரவாழைங்க, எங்க மலையில மரத்து மேல தானாப் பூத்துக் கெடக்கும், இதுக்கெல்லாம் யாரு தீனி போடுறா" என்று சிரித்தார். அப்பா கேட்டால்தானே. நீ சொன்னபடி முதலில் அரிசி கழுவிய தண்ணீரைத்தான் நீர்க்கத் தெளித்துவந்தார், வேரெல்லாம் பச்சை கட்டியது. அப்புறம் ஆசை மிஞ்சிப்போய் வாழைப்பழத் தோல், முட்டை ஓட்டுத் தூள், அச்சுவெல்லம் எல்லாம் ஒரு மண்பானையில் போட்டுத் தண்ணீர் விட்டு, வாயைத் துணியால் கட்டி, வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் விறகுக்குப் பின்னால் வைத்துவிட்டார். இரண்டு கரண்டி வடிகட்டி ஒரு வாளித் தண்ணீரில் கலந்து வேரில் தெளிப்பார். வாடை தெருவரைக்கும் போகிறது, வேண்டாமே என்றேன். புளித்தால்தான் வேர் எடுத்துக்கொள்ளும் என்றார். மதுவிலக்கு இருக்கிற ஊரில் வெல்லமும் பழத்தோலும் பானையில் புளித்தால் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

போன திங்கட்கிழமை காலை அவர் சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு ஏட்டும் இரண்டு போலீஸ்காரர்களும் வந்து நேரே பின்கட்டுக்குப் போனார்கள். பானை இருக்கிற இடம் அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. துணியை அவிழ்த்ததும் வீடு முழுக்கப் புளித்த நெடி. செடிக்குப் போடுகிற உரம் என்று அப்பா சொன்னார், கையில் சோற்றுப் பருக்கை காயவில்லை. எந்தச் செடி என்று கேட்டார் ஏட்டு. நான் ஓடிப்போய் மரவாழையைக் காட்டினேன். பூ இல்லை, தொட்டி இல்லை, ஒரு மரக்கட்டையும் நாலைந்து இலையும்தான். "மண்ணே இல்லாத செடிக்கு உரமா? நல்லாச் சொன்னீங்கம்மா" என்றார். முட்டை ஓடு கிடக்கிறதே, இதை யாராவது குடிப்பார்களா என்று கேட்டேன். "சாராய ஊறல்ல இதைவிடக் கண்டதையும் போடுறானுங்க" என்று சொல்லிவிட்டார். ஒரு போலீஸ்காரர் பானையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக, அப்பா செருப்புக்கூடப் போடாமல் பின்னால் போனார். கடைத்தெருவே எட்டிப் பார்த்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன் வள்ளி, அந்த நடை இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினேன். பக்கத்து ஜவுளிக்கடை ஹபீபுல்லா பாயிடம் போய் நின்றேன், அழுகைதான் வந்தது. "நீங்க வீட்டுக்குப் போங்கம்மா, நான் போயிட்டு வரேன்" என்று கல்லாவை அப்படியே விட்டுவிட்டுப் போனார். வீட்டில் காய்ச்சுகிற சாமான் எதுவும் இல்லை, இத்தனை வருஷமாக இவரைத் தெரியும், வெற்றிலை பாக்குக்கூடப் போடாதவர் என்று அவர் சாட்சி சொன்ன பிறகு, இன்ஸ்பெக்டர் பானையைச் சாக்கடையில் கவிழ்க்கச் சொல்லி, இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டாராம். "மறுபடி வாடை வந்தா கேஸ்தான் சார், கவர்ன்மெண்டு உத்தியோகத்துல இருக்கீங்க, பார்த்துக்கங்க" என்று சொல்லி அனுப்பினாராம். மத்தியானம் அப்பா பாயோடு வந்து சேர்ந்தார்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. மறுநாள் ஆபீஸ் போனவர் பாதியிலேயே திரும்பி வந்து லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றார். யாராவது ஏதாவது கேட்டார்களா என்றால் இல்லை என்கிறார். வாசலில் சைக்கிள் மணி அடித்தால் உள்ளறைக்குப் போய்விடுகிறார். சோறு இறங்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் ஆற்றுப் பாலம்வரை நடந்துவிட்டு வருகிறேன் என்றார். தனியே அனுப்ப மனமில்லாமல், எனக்கும் காற்று வேண்டும் என்று கூடவே போனேன். பாலத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருட்டிய பிறகுதான் திரும்பினோம். யார் போய்ச் சொன்னார்கள் என்று தெரியாததால் எனக்கு எல்லோரையும் பார்த்தால் பயமாயிருக்கிறது. தண்ணீர் எடுக்க வருகிறவள் சிரித்தாலும் பயம், சிரிக்காவிட்டாலும் பயம்.

செடியைத் தூக்கி எறி என்று அப்பா ஒரே ஒருமுறை சொன்னார். எறியவில்லை. கிணற்றடிப் பக்கம் அவர் கண்ணில் படாமல் மாட்டியிருக்கிறேன். புதிதாக அரிசி கழுவிய தண்ணீரைப் புளிக்க விடாமல் நீர்க்கக் கலந்து தெளிக்கிறேன், அதற்கும் பயந்து சொம்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டுதான் போகிறேன். இன்று காலை ஓர் இலையின் இடுக்கில் பச்சையாகச் சின்ன முனை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. வேரா, பூந்தண்டா, எனக்கு எங்கே தெரியப்போகிறது. அவரிடம் சொல்லவும் தைரியமில்லை.

நீ குளிரில் குழந்தையை வெளியே தூக்கிப் போகாதே. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி, நீங்கள் மூவரும் ஒரு குறையுமில்லாமல் நிறைந்து வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறக்காமல் செய். அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. போலீஸ் விஷயம் உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. செடியில் புது முனை எதுவும் வந்திருக்கிறதா, வந்திருந்தால் உருண்டையா, கூர்மையா, எந்த இலைக்குக் கீழே என்று விவரமாகக் கேள். உனக்குப் பதில் எழுதாமல் அவரால் இருக்க முடியாது. எழுத வேண்டுமே என்பதற்காகவாவது எழுந்து கிணற்றடிக்கு வந்து பார்ப்பார்.

உன் அம்மா
அமிர்தம்