இருபத்தேழாம் பக்கத்தின் அடியில்

ஜூன் 2

அன்புள்ள மருமகளுக்கு,

உன் மாமா எழுதுகிறேன். பயப்படாதே, இங்கே எல்லாரும் நலம். நான் சொல்லச் சொல்ல வேறு யாரோ எழுதுகிற கடிதமும் இல்லை இது. பேனாவைப் பிடித்திருப்பது நானேதான். இந்த நாலு வரி முடிவதற்குள் டீ ஆறி ஏடு கட்டிவிட்டது.

நீ படிக்கப் போன மறு வாரமே நானும் சேர்ந்துவிட்டேன். நூலகத்து மாடியில், சாயங்காலம் ஆறு மணிக்கு முதியோர் வகுப்பு. உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று உன் வீட்டுக்காரனிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். எழுபத்தொரு வயதில் எழுத்து ஏறாமல் போனால் உனக்குத் தெரிய வேண்டாமே என்றுதான். ஏறிவிட்டது அம்மா! இப்போது தெருவில் நேராக நடக்க முடியவில்லை, ஒவ்வொரு பலகையும் கூப்பிடுகிறது. நம் பக்கத்துச் சுவரில் ‘இங்கே வாகனங்களை நிறுத்தாதீர்’ என்று எழுதியிருக்கிறது. இருபது வருஷமாக அதற்கு நேர் கீழேதான் சைக்கிளை நிறுத்திவந்திருக்கிறேன்.

வகுப்புப் புத்தகத்தில் மரம், படம், பட்டம் என்றே போய்க்கொண்டிருந்தது. அலுப்புத் தட்டியதால், போன விடுமுறையில் நீ மேசையில் விட்டுப்போன உன் பாடத்திட்டப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். முதல் சொல்லே ‘மானிடவியல்’. எழுத்துக்கூட்டி முடிக்க ஆளுக்கு இரண்டு நிமிடம் ஆனது.

“அப்படின்னா என்னய்யா?” என்றார் வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் தையல்காரர்.

“மனுஷங்களைப் பத்திப் படிக்கிறது. எம் மருமக படிக்குது.”

“அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம் போவணும்? எங்கடையில ஒரு நாள் உக்காந்தாப் போதாதா?”

இரண்டாம் ஆண்டுக்கு மூன்று பாடம் நீயே தேர்ந்தெடுக்க வேண்டும், ஜூலை பதினைந்து கடைசி நாள் என்று அதில் போட்டிருக்கிறது. எதை எடுக்கப் போகிறாய்? வகுப்பே கேட்கிறது. கடிதம் எழுதிப் பதிலும் வாங்கிவர வேண்டும் என்பது டீச்சர் கொடுத்த வீட்டுப்பாடம். ஆகையால் போன் செய்து கெடுத்துவிடாதே.

முப்பத்தாறு வருஷம் லிப்ட் ஓட்டி, இப்போது பேனா ஓட்டுகிற
உன் மாமா


ஜூன் 14

என் அன்பு மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில், மேலே ஏற வந்தவர்கள் எல்லாரும் நின்று என்ன ஏது என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எத்தனை மாதம்! அவரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு! வந்து பேசிக்கொள்கிறேன் உங்கள் இருவரிடமும்.

பாடங்களைக் கேட்டிருந்தீர்கள். முதலாவது மருத்துவ மானிடவியல். நோய் வந்தவர்கள் எதற்கு அஞ்சுகிறார்கள், டாக்டர் சொன்னதை ஏன் கேட்பதில்லை என்பதெல்லாம் வரும். அதைப் படித்துவந்தால் பதிவுக் கவுண்டரிலிருந்து நோயாளி உதவிப் பிரிவுக்கு மாற்றுவதாகச் சொல்லித்தான் மருத்துவமனையில் விடுப்பே கொடுத்தார்கள். இரண்டாவது குடும்பமும் உறவுமுறையும். மூன்றாவதாகக் கணக்கெடுப்பு முறைகள்.

அந்த மூன்றாவது இடத்தில் கள ஆய்வு என்று இன்னொன்றும் இருக்கிறது. அதில் வகுப்பே கிடையாது. ஒரு கூட்டத்தாரோடு போய்த் தங்கி, அவர்களோடு சாப்பிட்டு, அவர்கள் வேலை செய்வதைப் பார்த்து, பேச்சைக் கேட்டு எழுத வேண்டும். எங்கள் பேராசிரியை ஒரு துறைமுகத்தில் மாலுமிகள் விடுதியைப் பற்றிச் சொன்னார். அடுத்த கப்பலுக்காகக் காத்திருக்கிறவர்கள் தங்கும் இடம். ஏழெட்டு மொழி பேசுகிறவர்கள் ஒரே சமையலறையில் சமைக்கிறார்களாம். யார் அடுப்பை முதலில் பிடிப்பது, யார் கழுவுவது என்பதற்கெல்லாம் எழுதாத சட்டம் உண்டாம். ஒரு மொழியும் பொதுவாக இல்லாமல் அந்தச் சட்டத்தை எப்படி உண்டாக்கினார்கள்? கப்பல் வந்ததும் ஒருவன் கிளம்பிப் போனால் அவன் கோப்பை யாருக்கு? இப்படி எவ்வளவோ.

ஆனால் எனக்கு அது ஒத்துவராது. படிப்பு முடிந்த பிறகும் மூன்று மாதம் வெளியே இருக்க வேண்டும். உங்கள் மாத்திரைகளை யார் பார்ப்பது? அவர் காலையில் பஸ் டிப்போவுக்குப் போனால் இருட்டித்தான் வருகிறார். கணக்கெடுப்பே போதும். முடித்ததும் நேரே வீடு.

உங்கள் எழுத்து என் எழுத்தை விட அழகாக இருக்கிறது என்று இங்கே பேச்சு. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

உங்கள் மருமகள்


ஜூன் 25

அன்பு மருமகளே,

உன் கடிதம் வகுப்பில் மூன்று நாள் ஓடியது. ஆளுக்கு ஒரு பத்தி படித்தோம். கோப்பை யாருக்கு என்று இன்னும் சண்டை தீரவில்லை. பழக்கடைக்காரம்மா, “கழுவி வச்சவளுக்குத்தான்” என்கிறார்.

லிப்டில் ஏறுகிறவர்கள் வாயால் நாலாவது மாடி என்பார்கள், கண் ஏழாம் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும். நாலில் கதவைத் திறந்தால் இறங்காமல் நிற்பார்கள். அந்தப் பழக்கத்தில் உன் கடிதத்தை எண்ணிப் பார்த்தேன். கணக்கெடுப்புக்கு இரண்டே துண்டு வாக்கியம். மாலுமிகளுக்கு அரைப் பக்கம். நீ எந்த மாடிக்குப் போக நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா?

மாத்திரையைச் சாக்குச் சொல்லாதே. காலையில் சாப்பாட்டுக்கு முன் சர்க்கரைக்கு, பின் ரத்த அழுத்தத்துக்கு. அட்டையில் போட்டிருக்கிறது, படித்துத்தான் போடுகிறேன். போன வாரம் மருந்துக் கடைக்காரப் பையன் தவறான அட்டையை நீட்டினான். “தம்பி, இது நூறு. எனக்கு எழுதியிருக்கறது அம்பது” என்றேன். அவன் சீட்டை வாங்கிப் பார்த்து, “ஆமா பெரியவரே” என்று மாற்றிக் கொடுத்தான். அந்த ‘ஆமா’வுக்காக ஒரு தெரு சுற்றி வீட்டுக்கு வந்தேன்.

இனிமேல்தான் சேதியே. உன் பாடத்திட்டப் புத்தகத்தை முழுவதும் படித்துவிட்டேன். உங்களைப் போன்றவர்கள் பார்த்தவுடனே எதைத் தாண்டலாம் என்று கண்டுகொள்கிறீர்கள். எனக்கு எதை விடலாம் என்று இன்னும் தெரியாது, அதனால் அச்சகத்து விலாசம் வரைக்கும் படிக்கிறேன். இருபத்தேழாம் பக்கத்தின் அடியில், எறும்பு மாதிரி எழுத்தில், இப்படிப் போட்டிருக்கிறது: ‘ஒரே நிறுவனத்தில் ஐந்தாண்டுக்கு மேல் பணிபுரிந்தவர்கள், துறையின் ஒப்புதலுடன், அந்நிறுவனத்தையே தம் ஆய்வுக் களமாகக் கொள்ளலாம்.’

புரிகிறதா அம்மா? நீ ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். கள ஆய்வையும் எடுக்கலாம், அந்த மூன்று மாதமும் நம் வீட்டிலேயே இருக்கலாம்! வகுப்பில் நான் இதைப் படித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். டீச்சர் தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்து, சரிதான் என்றார். அன்று மாலையே உன் மேசையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டேன். வெளிச்சம் நன்றாக விழுகிறது.

உடனே பதில் எழுது.

இருப்புக்கொள்ளாத
உன் மாமா


ஜூலை 4

அன்பு மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்துப் போட்டு, நான்காவது முறையாக எழுதுகிறேன்.

அந்த வரியை நான் முன்பே படித்திருந்தேன். பேராசிரியையும் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். உங்களிடம்தான் சொல்லவில்லை. நீங்கள் இவ்வளவு தூரம் படித்து வருவீர்கள் என்று நினைக்கவே இல்லை மாமா. அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறேன்.

பதினோரு வருஷம் அந்தக் கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மூன்றே கேள்வி கேட்டேன். பேர் என்ன, வயசு என்ன, எந்த டாக்டர். நாலாவதாக ஒன்று கேட்க வாயெடுக்கும்போது, வரிசையில் அடுத்து நிற்பவர், “சீக்கிரம் அனுப்பும்மா” என்பார். அதே கூடத்தில் நோட்டுப் புத்தகத்தோடு போய் நின்றாலும் என்னிடம் டோக்கன்தான் கேட்பார்கள், நானும் கொடுத்துவிடுவேன். என்னை யாரென்றே தெரியாத ஓர் இடத்தில் போய், ஒன்றும் தெரியாதவளாக உட்கார்ந்து கேட்க வேண்டும் போலிருக்கிறது. அது பிறகு உதவிப் பிரிவில் என் வேலைக்கும் உதவும் என்று நம்புகிறேன். உதவாவிட்டாலும் போக ஆசைதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாத்திரை என்றது வெறும் சாக்கு. முப்பத்தைந்து வயதில் வீட்டை விட்டு வந்து படிப்பதே பெரிய சலுகை, அதற்கு மேலும் மூன்று மாதம் கேட்டால் என்ன நினைப்பீர்கள் என்று பயந்து, உங்களையே காரணமாகக் காட்டிவிட்டேன். அவரிடமும் இதைப் பேசவில்லை.

பதினைந்துக்குள் படிவத்தில் களத்தின் பெயரையும் எழுதிக் கொடுக்க வேண்டும். நீங்கள் வா என்று சொன்னால் வந்துவிடுகிறேன் மாமா. முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாமல் வருவேன்.

உங்கள் மருமகள்


ஜூலை 8

அன்புள்ள என் மருமகளுக்கு,

உன் கடிதத்தை வகுப்புக்கு எடுத்துப் போகவில்லை. வந்த கடிதத்தை நானே வைத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை. தையல்காரர் என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை என்று பொய் சொன்னேன்.

கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. நீ வரப்போவதில்லை என்பதற்காகப் பாதி, நான் கண்டுபிடித்த வரி பழைய வரியாகிவிட்டதே என்று பாதி. இரவு சாப்பிடும்போது உன் வீட்டுக்காரன் கேட்டான்.

“என்னப்பா, மூஞ்சி தொங்கிப்போயிருக்கு?”

“உம் பொண்டாட்டி மூணு மாசம் வரமாட்டாடா. துறைமுகத்துக்குப் போவணுமாம்.”

“தெரியும்.”

“எப்படிடா தெரியும்? அவ உங்கிட்ட சொல்லவே இல்லயாமே?”

“போன லீவுல கப்பலைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தா. பஸ் ரிப்பேர் பண்றவன்கிட்ட எவ கப்பலைப் பத்திப் பேசுவா? அவளா வாய்தொறந்து கேக்கட்டும்னு இருக்கேன்.”

“கேட்டா?”

“போயிட்டு வான்னு சொல்லுவேன். வேறென்ன? ரசம் ஊத்துப்பா.”

பார், ஒரே வீட்டில் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒளித்துக்கொண்டிருக்கிறோம். குடும்பமும் உறவுமுறையும் என்ற பாடத்தை நீ எடுத்தது நல்லதாகப் போயிற்று.

களத்தின் பெயர் என்ற இடத்தில் மாலுமிகள் விடுதி என்று எழுது. தெளிவாக எழுது, அவசரத்தில் உன் கையெழுத்து நண்டு ஊர்ந்தது போல இருக்கிறது. இதைத் தெருப் பெட்டியில் போடப் போவதில்லை. தபால் நிலையத்துக்கே போய், என் கண் முன்னால் முத்திரை குத்தச் சொல்லிப் போடுவேன். பதினைந்துக்குள் உனக்குக் கிடைத்தாக வேண்டும்.

போனில் ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். ரிசீவரைக் கையில் எடுத்தேன். போனில் பேசினால், “பரவாயில்லம்மா” என்பேன். குரல் காட்டிக்கொடுத்துவிடும், நீயும் உடனே வருகிறேன் என்று கிளம்பிவிடுவாய். எழுதினால் அப்படி இல்லை. எழுதியதை நானே படித்து, மெய்தானா என்று பார்க்கலாம். உனக்குச் சொல்ல வேண்டியதை ஒரு தனித் தாளில் எழுதி, நேற்று இரண்டு தடவையும் இன்று காலையில் ஒரு தடவையும் படித்துப் பார்த்தேன். முதல் தடவை பாதி மெய்யாக இருந்தது. இன்று காலையில் முழுக்க மெய்யாக இருந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

போய் வா.

உன் மாமா