சொல்லிவிட்டு வரும் இருட்டு

அன்புள்ள சுருட்டைக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. தலையில் சுருட்டையும் போய் முடியும் போன பிறகு உன்னை வேறு எப்படிக் கூப்பிடுவதென்று எனக்குத் தெரியவில்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று முகத்தைச் சுளிக்காதே. போனில் நான் வாயைத் திறந்தால் நீ குறுக்கே புகுந்து, “அக்கா, அதெல்லாம் நான் பாத்துக்கறேன்” என்று வைத்துவிடுவாய். காகிதத்தில் குறுக்கே புக முடியாது. எழுத்து கோணலாகத்தான் இருக்கும். எனக்குத் தையல் மட்டும்தான் நேராக வரும்.

உன் அத்தான் எப்படி இருக்கிறார் என்றால், இருக்கிறார். கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் உறுமிக்கொண்டே இருக்கிறது. மூக்கில் குழாயோடு அவர் என்னைக் குறை சொல்லிக்கொண்டே இருக்கிறார். நேற்று நான் தைத்த திரைச்சீலை ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்தார். எழுந்து நாலடி நடக்க மூச்சு இல்லை, குறை சொல்ல மட்டும் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. இதை எழுதும்போதும் என் ஒரு காது அந்த மெஷினிடம்தான் இருக்கிறது. இந்தப் பத்தி முடிவதற்குள் இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

போன வாரம் ஒரு லைன்மேன் பேண்ட் இடுப்பைப் பிரித்துவிட வந்தார். தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு அளவு கொடுத்தார். மூச்சை விடுங்கள் அண்ணே, பேண்ட்டை நீங்கள்தானே போடப்போகிறீர்கள் என்றேன். மூச்சோடு சேர்ந்து வயிற்றெரிச்சலும் வெளியே வந்தது. புதுக் கம்பி வந்து கிடங்கில் உருளை உருளையாகக் கிடக்கிறதாம். ஆட்களும் தயாராம். “மேல திட்டம் போடற ஆபீஸ்ல ஒரு சார் இருக்காரு. நம்ம பக்கத்து லைனை நிறுத்தத் தேதி கேட்டா மட்டும் தள்ளி வச்சுக்கிட்டே இருக்காரு. பயந்தாங்கொள்ளி” என்றார். அந்தப் பயந்தாங்கொள்ளிக்கு முதல் சட்டை தைத்தவளே நான்தான் என்று சொல்லவில்லை. ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டேன்.

ஏன் தள்ளுகிறாய் என்று எனக்குப் புரியாதா? கேட்டதும் உள்ளே குளுகுளுவென்றுதான் இருந்தது. அவ்வளவு பெரிய ஆபீசில் உட்கார்ந்திருக்கிற என் தம்பிக்கு, கரண்ட்டை நம்பிக் கிடக்கிற என் வீட்டுக் கட்டில் ஞாபகம் இருக்கிறதே என்று இருந்தது.

நீ வந்திருந்தபோது என் வெட்டுமேசையில் சாக்கட்டியால் படம் போட்டுக் காட்டினாய். நம் பக்கத்துக்கு மின்சாரம் இரண்டு வழியாக வருகிறது, அதில் ஒன்று கிழட்டுக் கம்பி, வெயில் ஏறி எல்லாரும் ஏசி போட்டால் சூடாகித் தொங்கிவிடும், அது நின்றால் பாரம் முழுக்க அடுத்ததன் தலையில் ஏறி அதுவும் நின்றுவிடும் என்றாய். கம்பியை மாற்றுவதற்கு அந்த வழியை நிறுத்த வேண்டும், மாற்றி முடியும்வரை ஒவ்வொரு பகுதிக்கும் முறை வைத்துப் பகலில் கரண்ட் இருக்காது என்றும் சொன்னாய். அத்தனையையும் ஒரு வாடிக்கைக்காரம்மாவின் நல்ல துணியில் வரைந்துவிட்டுப் போனாய். தேய்த்துத் தேய்த்து என் கை போனது. அன்றைக்கு நான் என்ன சொன்னேன்? கிழிந்த பேண்ட்டைக் கழற்றினால்தான் தைக்க முடியும், மாட்டிக்கொண்டே தைத்தால் ஊசி எங்கே குத்தும் என்று சொல்ல முடியாது என்றேன். ஆபீசில் போய்ச் சொல்கிறேன் என்று சிரித்தாய். சொன்னாயோ என்னவோ, கழற்றவில்லை.

செவ்வாய்க்கிழமை குத்திவிட்டது.

மத்தியான வெயிலில் ஊரே அணைந்தது. மெஷினின் உறுமல் நின்றது. சின்ன சிலிண்டர் பக்கத்திலேயே இருக்கிறது, அதைத் திறக்கிற சாவியைக் காணோம். கட்டிலுக்கடியில் தேடுகிறேன், அலமாரியைக் கொட்டுகிறேன். உன் அத்தான் கையை ஆட்டி ஆட்டி எதையோ காட்டுகிறார், பேச்சு வரவில்லை. கடைசியில் பார்த்தால் என் கத்தரிக்கோல் டப்பா. தையல் மெஷின் நட்டு முடுக்க நானே எடுத்து அதில் போட்டிருக்கிறேன். திறந்து வைத்தபோது அவர் உதடு நீலமாகி இருந்தது. காற்று ஏறியதும் வந்த முதல் வார்த்தை, “எதையாவது எடுத்த இடத்துல வைக்கத் தெரியுதா உனக்கு?” நான் சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

கரண்ட் வந்த பிறகு லைன்மேன் சொன்னதை அவரிடம் சொன்னேன். “என் ஒருத்தன் மூக்குக்காகவா ஊரை நிறுத்தி வச்சிருக்கான்? பஸ் ஓட்டின காலத்துல, சொந்தக்காரன் கை காட்டினான்னு ஸ்டாப் இல்லாத இடத்துல நான் நிறுத்தினதே இல்ல, சொல்லு அவன்கிட்ட” என்று மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். ஒரே ஒரு தடவை எனக்காக நிறுத்தினார். அது கல்யாணத்தில் முடிந்தது. பட்டது போதும் என்று அப்புறம் நிறுத்தவில்லை போல.

அதனால், தேதி போடு. முன்னாலேயே சொன்னால் பெரிய சிலிண்டராகக் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்கிறார் கடைக்காரர். டாக்டரிடமும் கேட்டேன். சமாளிக்கலாம் என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். என்ன செய்வது? சொல்லிவிட்டு வரும் இருட்டுக்கு நான் தயாராக நிற்பேன். சொல்லாமல் வரும் இருட்டுக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. இந்தப் பக்கம் இன்னும் எத்தனை வீட்டில் இப்படிக் கட்டில் கிடக்கிறதோ, அவர்களுக்கெல்லாம் உன் ஆபீசில் தம்பி இல்லை.

இது நான் எழுதுகிற இரண்டாவது கடிதம். முதலாவதில் இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போடு என்று எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் போய்ப் பெட்டியில் போட வேண்டும்.

தேதி முடிவானதும் ஒரு போன் போடு. ‘அக்கா, நாளைக்கு நிறுத்தறோம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடு, வேறு பேசினால் மறுபடியும் தேதியைத் தள்ளிவிடுவாய். சாவியை அளவு டேப்பில் முடிந்து கழுத்தில் போட்டிருக்கிறேன், குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. அன்றைக்கு இங்கே ஓடி வராதே. உன் நாற்காலியில் இரு. கம்பி ஏறி முடிந்ததும் வா. உன்னைத் திட்ட அவர் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறார், அதற்காகவாவது காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

இங்கே எது எப்படி ஆனாலும் நீ வெட்டியது நேர்வெட்டுத்தான். முதல் சட்டை தைத்தவள் சொல்கிறேன், மனதில் வை. நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு. நீ நன்றாக இருக்க வேண்டும், சாமி.

உன்
அக்கா