எட்டுக்காலிக்கு டாக்டர் பட்டம் வாங்கித் தந்த மதினிக்கு

என் பிரியமான மதினி,

நீங்கள் போய் எட்டு மாசம் ஆகிவிட்டது. உங்களுக்கு ஒரு சேதி. எனக்கு நிரந்தர வேலை கிடைச்சிருச்சு. அரசுக் கல்லூரியில், விலங்கியல் துறையில் உதவிப் பேராசிரியர். சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது.

வேலை ஆணையை வாசித்ததும் உங்கள் தம்பி எழுந்து வெளியே போனார். உடனே திரும்பி வந்தார். அக்காவிடம் சொல்லத்தான் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறார். கதவில் பூட்டைப் பார்த்த பிறகுதான் நினைவு வந்திருக்கிறது.

கல்யாணமான புதிதில், பருத்திக்காட்டுச் சிலந்திகளை ஆராய்ச்சி செய்கிறேன் என்று உங்களிடம் சொன்னேன். பூ மார்க்கெட்டில் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தீர்கள்.

"எட்டுக்காலிக்கு எதுக்குட்டி டாக்டர் பட்டம்?" என்று அப்படிச் சிரித்தீர்கள். ஆனால் மறுவாரமே பருத்திக்காட்டுக்கு என்னோடு இளையரசனேந்தல் பஸ்ஸில் ஏறியதும் நீங்கள்தான். நான் செடி செடியாகக் குனிந்து பார்க்க, குப்பிகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தீர்கள். "இங்கன ஒண்ணு ஓடுது பாரு!" என்று நீங்கள் காட்டியதில் ஒன்று, அந்தக் காட்டில் நான் அதுவரை பார்த்தே இராத இனம்.

பிஎச்டி வாய்மொழித் தேர்வு அன்று உங்கள் மருமகள், என் மகள் மீனா பிறந்து மூன்று மாசம். திருநெல்வேலி வரைக்கும் அவளைத் தூக்கி வந்தீர்கள். நான் உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போது வெளியே அவள் அழுகை. கதவைத் தள்ளிக்கொண்டு பிள்ளையோடு உள்ளே வந்தீர்கள்.

"ஐயா, கோவிச்சுக்கிடாதிய. பத்து நிமிசம் விடுங்க. பிள்ளைக்குப் பசியாத்திட்டு வந்து, நீங்க கேக்க எல்லாத்துக்கும் பதில் சொல்லுவா."

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எல்லாரும் ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்" என்றார்.

பட்டம் வந்தால் வேலையும் வந்துவிடும் என்று நாம் ரெண்டு பேருமே நம்பினோம், இல்லையா மதினி? பதினோரு வருஷம் கௌரவ விரிவுரையாளர். மற்றவர்கள் எடுக்கிற அதே பாடம்தான். அடுத்த வருஷம் உண்டா என்பது மட்டும் தெரியாது. கோடை விடுமுறை வந்தால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்குப் பயம்.

உதவிப் பேராசிரியர் தேர்வு எழுதி, இரண்டாவது முறையும் பட்டியலில் என் பெயர் வராதபோது, எல்லாவற்றையும் விட்டுவிடப் போகிறேன் என்றேன். நீங்கள் தடுக்கவில்லை.

"விடுததுன்னா விடு. ஆனா அலுத்துப்போயி விடாத. நல்லாத் தூங்கி எந்திச்சு, அப்பமும் வேண்டாம்னு தோணிச்சுன்னா விட்டுரு."

தூங்கி எழுந்தேன். வேண்டாம் என்று தோன்றவில்லை. மூன்றாவது முறை எழுதினேன். முடிவு வருவதற்குள் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோய்விட்டது.

ஒன்றை மட்டும் உங்களிடம் நான் சொல்லாமலே விட்டுவிட்டேன். என் ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் நெறியாளர் பெயர் உண்டு, ஆய்வக உதவியாளர் பெயர் உண்டு. உங்கள் பெயர் இல்லை. "இதுல நான் எங்கனட்டி இருக்கேன்?" என்று கேட்டீர்கள். 'குடும்பத்தினர்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தொட்டுக் காட்டினேன். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத நீங்கள், அதுதான் உங்கள் பெயர் என்று நினைத்து விரலால் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டீர்கள். அந்தச் சந்தோஷம்தான் மதினி, இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

போன வாரம் இரண்டாம் வருஷ மாணவி ஒருத்தி, "மேடம், நாங்களும் ப்ரொஃபசர் ஆகலாமா?" என்று கேட்டாள். எதையும் மறைக்கவில்லை. எத்தனை வருஷம் படிக்கணும், எத்தனை தேர்வு எழுதணும், எவ்வளவு காத்திருக்கணும், கடைசியில் கிடைக்காமலும் போகலாம் என்று எல்லாம் சொன்னேன். பிறகு, மாரியம்மாள் என்று உங்கள் பெயரைச் சொல்லி, நீங்கள் செய்ததையெல்லாம் சொன்னேன்.

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க வீட்ல அப்படி யாரும் இல்லையே மேடம்" என்றாள்.

நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

நான் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். அந்தப் பிள்ளை மேலே படிக்கக் கிளம்பினால், அவளுக்கு அப்படி ஒருத்தியாக நான் நிற்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

நீங்கள் 'ஏட்டி' என்று மட்டுமே கூப்பிட்ட,
உங்கள் தம்பி பொண்டாட்டி,
வடிவு
சங்கரன்கோவில்