கதவுக்கு முன்னால் இருமும் மந்திரவாதி

மதினி,

குற்றாலத்தில் வாங்கிய மங்குஸ்தான் மேசைமேல் கிடக்கிறது. பழத்தைத் திருப்பி, அடியில் இருக்கும் பூவிதழைப் பார்த்தே உள்ளே எத்தனை சுளை என்று சொல்லிவிடுவீர்களே, நானும் அப்படித் திருப்பிப் பார்த்தேன். உடைக்க மனம் வரவில்லை. நேற்று தென்காசியில் ஒரு கூட்டத்தில் நான் சொன்ன பொய்யை உங்களிடம் சொல்லாமல் எதுவும் இறங்காது போலிருக்கிறது.

என் மாயக்கதைகளைப் படிக்கும் பிள்ளைகள் கூடியிருந்தார்கள். நம் கிழட்டு மந்திரவாதியை மறந்திருக்கமாட்டீர்கள். சட்டையை உள்புறம் வெளியே தெரியப் போடுவான். பழத்தைத் திருப்பிப் பார்க்காமல் தின்னமாட்டான். எந்தக் கதவைத் திறப்பதற்கு முன்பும் ஒரு இருமல் இருமுவான்.

ஒரு பெண் எழுந்து, "அவரு ஏன் சார் இருமுதாரு? அது மந்திரமா?" என்று கேட்டாள். கதவில் இருக்கும் பூதத்தை எழுப்பத்தான் என்றான் ஒருவன். சக்தி கூடுதலாக உள்ளவனுக்கு உடம்பில் ஒரு குறை இருக்கும், அதுதான் அவன் கொடுக்கும் விலை என்றாள் இன்னொருத்தி. எவ்வளவு யோசிக்கிறார்கள்! மந்திரவாதியின் கிறுக்கு, கோட்டித்தனம் எதுவும் வெறும் கோட்டித்தனம் அல்ல என்று நானும் பெரிய ஆள் மாதிரி ஆரம்பித்தேன். "தன் பலத்துக்குத் தானே பயப்படுகிறவன் அவன். உள்ளே இருப்பவர்களை எச்சரிக்கிறான்" என்றேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. என் முகத்தில் ஈயாடவில்லை.

பலமாவது ஒன்றாவது. அந்த இருமல் உங்களுடையது, மதினி.

அச்சன்புதூர் வீட்டுக்கு நீங்கள் வாழவந்த புதிதில் அது கிடையாது. சில வருஷம் கழித்துத்தான் தொடங்கியது. காபித் தட்டோடு நிலைக்கு வெளியே நின்று ஒரு இருமல், அப்புறம்தான் உள்ளே வருவீர்கள். "ஹாரன் அடிச்சாச்சு, மதினி வாராங்க" என்று கேலி செய்தது நான்தான். அதே கேலியைத்தான் தாடி ஒட்டி மந்திரவாதிக்குக் கொடுத்தேன்.

ஐந்தருவிக்குப் போன அந்த நாள் நினைவிருக்கிறது. எல்லோரும் குளிக்கப் போனோம். துணிமணிக்குக் காவல் வழக்கம்போல் நீங்கள். நான் தலைதுவட்டிக்கொண்டு வேனுக்குத் திரும்பியபோது மந்திரவாதி கதையின் முதல் பாகம் உங்கள் மடியில் விரிந்து கிடந்தது.

"என்ன தம்பி, உங்க மந்திரவாதி கதவுக்கு முன்ன நின்னு இருமுதாரே, எதுக்கு?"

"சும்மா மதினி. பிள்ளைங்க சிரிக்கட்டும்னுதான்."

"சும்மா யாராவது இருமுவாங்களா? உள்ள பேசிட்டு இருக்கவங்க பேச்ச மாத்துததுக்கு நேரம் வேண்டாமா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். சொல்லிவிட்டு என் கையிலிருந்த ஈரத் துண்டை வாங்கிப் பிழிந்தீர்கள். நான் குறுகிப்போனேன்.

உள்ளே நாங்கள் பேசியது வேறென்ன? பிள்ளையில்லாமல் எத்தனை நாள் இப்படியே விடுவது, அண்ணனுக்கு இன்னொரு இடம் பார்த்தால் என்ன. அம்மா ஆரம்பிப்பாள். சிவகிரியில் ஒரு பெண் இருக்கிறது என்று எடுத்துக்கொடுத்தவன் நான். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். சரி என்றும் சொன்னதில்லை, நிறுத்துங்கள் என்றும் சொன்னதில்லை. இருமல் கேட்டதும் அவன்தான் முதலில் வாய் திறப்பான். "சாரல் பிந்திட்டு, என்ன?" என்று மழைப் பேச்சுக்குத் தாவுவான். நீங்கள் காபியை நீட்டியபடி, "ஆமா, பிந்திட்டுதான்" என்பீர்கள்.

அன்று வேனிலேயே உங்களிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதைவிட மோசம், பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது என்று அடுத்த பாகத்தில் இருமலைக் கூட்டினேன். அதையும் படித்துவிட்டு, "நல்லாருக்கு தம்பி" என்றீர்கள். போன வருஷம் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோகும்வரை வேறு ஒரு சொல் சொல்லவில்லை. நேற்று அந்தப் பெண்ணிடம் நிஜத்தைச் சொல்லியிருந்தால் உங்களை மறுபடியும் காட்சிக்கு வைத்ததாகியிருக்கும். சொல்லாததால் நான் நல்லவனாக வீடு திரும்பினேன். எப்படிப் பார்த்தாலும் எனக்குத்தான் லாபம்.

இன்று காலை பாதிப் பழங்களை அண்ணனுக்குக் கொண்டுபோனேன். நாங்கள் பேசியதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்பதை அவனிடமாவது சொல்லிவிட நினைத்தேன். நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தான், முதுகு என் பக்கம். கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் நிலைக்கு வெளியே கால் நின்றுவிட்டது. கொஞ்ச நாளாக எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மதினி. இருமினேன்.

அண்ணன் திரும்பவில்லை. "சாரல் பிந்திட்டு, என்ன?" என்றான்.

சொன்ன பிறகுதான் திடுக்கிட்டுத் திரும்பினான். என்னைப் பார்த்தான். எனக்குப் பின்னால் பார்த்தான். அந்த இருமல் எதற்கென்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது. அவனிடம் சொல்ல எனக்கு எதுவும் மிச்சமில்லை.

வெளியே சாரல் ஊற்றிக்கொண்டிருந்தது. சொட்டும் குடையை மடக்கிக்கொண்டே நான் சொன்னேன்: "ஆமாண்ணே, பிந்திட்டுதான்."