நான்கு கை ட்ரம்மர்

அண்ணா,

நேரில் கதைக்க எனக்கு வாய் வராது என்று உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் மியூசிக் பாண்டின் புதிய மெற்றல் பாட்டைக் கேட்டேன். என்னை விட்டுவிட்டு ட்ரம்ஸுக்கு லப்டொப்பைப் போட்டிருக்கிறாய். ஓரிடத்தில் அது ஸ்னேர், டொம், இரண்டு சிம்பல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அடிக்கிறது. அதற்கு நான்கு கை வேண்டும். பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கே எண்ண முடிகிறது. கம்பஸ் போகும் உனக்கு முடியவில்லை.

"தங்கச்சி, என்ரை கிற்றார் சோலோவிலை உனக்கு டைம் இழுபடுது. மெஷின் பிழை விடாது" என்று டெரன்ஸுக்கு முன்னால் சொன்னாய். அவன் சிரித்தான். தன் பேஸ் கிற்றாருக்குச் சுருதி சேர்க்கத் தெரியாதவன். நான் குச்சிகளை எடுத்துக்கொண்டு, பிராக்டிஸ் நடந்த கொட்டாஞ்சேனையிலிருந்து வீடுவரை நடந்தே வந்தேன்.

இப்போது அம்மாவைத் தூது விட்டிருக்கிறாய். "அண்ணா பாவம் பிள்ளை. சனிக்கிழமை நுகேகொடையிலை ஷோவாம். லப்டொப்போடை அவனுக்குச் சரிவருதில்லையாம். நீ போய் அடியன்" என்கிறா.

சரிவராதுதான். கிற்றார் சோலோவில் உன் விரல் எப்போதும் பிந்தும். மூன்று வருஷமாக அந்த இடத்தில் நான் வேகத்தைக் குறைத்து, நீ வந்து சேர்ந்த பிறகுதான் கூட்டினேன். கேட்பவர்களுக்கு விளங்கவில்லை. உனக்கும் விளங்கவில்லை. அதைத்தான் என் பிழை என்றாய்.

சனிக்கிழமை நான் வரமாட்டேன். லப்டொப்பிடம் கேட்டுப் பார், உனக்காகக் கொஞ்சம் நிற்குமா என்று.

இப்படிக்கு,
டைம் இழுபடும் தங்கச்சி